எஞ்சின் ஜாதகம்

உடுமலை ரோட்டுத் திருப்பத்தில் வண்டி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே ரங்கநாயகிக்குச் சத்தம் கேட்டுவிட்டது. டொக், டொக், டொக். பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்ட ஆள் கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அவசரமும் இல்லை, விடுவதாகவும் இல்லை. அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ராடு பேரிங்," என்றாள்.

பட்டறை மெக்கானிக் சகாயம் ரோட்டை எட்டிப் பார்த்தார். "இல்ல மேடம், அர்த்தநாரி."

இருவர் சொன்னதும் சரிதான். வெள்ளைக் கார் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து அர்த்தநாரி இறங்கினார். வயது அறுபத்தொன்று. முப்பத்தொரு வருடம் பழனி ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இறங்கும்போது வலது முழங்காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வண்டி விட்ட புகையில் முறுக்குச் சுடுகிற வாசனை அடித்தது. பொள்ளாச்சி வண்டிகள் தேங்காய் டீசலுக்கு மாறிப் பத்து வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஊருக்கே தினம் தீபாவளி வாசனைதான்.

"நாலாவது சிலிண்டர் ராடு பேரிங்குங்க அம்மிணி," என்றார் அர்த்தநாரி. "இன்னும் ரெண்டு நாள் ஓட்டுனா ராடு ஒடிஞ்சு பிளாக்கைக் கிழிச்சுட்டு வெளிய வந்துரும்."

"இவ்வளவு தெரிஞ்சும் என்ன தைரியத்துலங்ணா ஓட்டிட்டு வந்தீங்க?"

"தள்ளிட்டு வர ஆள் இல்லீங்களே." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்திருங்க அம்மிணி."

"பாக்கறதுக்கு முன்னாடியேவா?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. காப்பீடு ரெண்டுக்கும் இருக்குது. புது எஞ்சின் போட்டுருங்க. இதை உருக்கற உலைக்கு அனுப்பிருங்க."

ரங்கநாயகி ஒரு பெருமூச்சை அடக்கிக்கொண்டாள். மாவட்டத்தில் எஞ்சின் ஆய்வாளர் பேட்ஜ் வைத்திருக்கிற ஏழு பேரில் அவள் ஒருத்தி. எஞ்சின் பிழைக்குமா பிழைக்காதா என்று கையெழுத்திடுவது அவள் வேலை. கொஞ்ச காலமாக அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்பதே இல்லை. பதிலோடுதான் வருகிறார்கள்.

"சட்டம் உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். இருந்தாலும் சொல்லுங்க."

"ரிப்பேர் பண்ணுனா எஞ்சினோட ஜாதகத்தை அச்செடுக்கணும். இந்த வண்டிய ஓட்டுன எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிச்சுக் கையெழுத்துப் போடணும். ஒரு காப்பி போக்குவரத்து ஆபீசுக்குப் போகும். கெட்டுப்போன எஞ்சினை மறைச்சு யாரும் இன்னொருத்தர் தலையில கட்டிரக் கூடாதுன்னு கொண்டுவந்த சட்டம். மாத்துனா இந்த வம்பெல்லாம் இல்ல. எஞ்சினோட சேந்து ஜாதகமும் உலைக்குள்ள போயிரும்."

"அதுக்குத்தானுங்க மாத்தச் சொல்றேன்," என்றார் அர்த்தநாரி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. காது வரைக்கும் சிவந்தார். "நாளைக்கு வரேனுங்க," என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

ஜாதகம் என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். பிளாக்கின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு சில்லு இருக்கும். எஞ்சினின் காது அது. எஞ்சின் முதல் முறை உறுமியதிலிருந்து ஒவ்வொரு துடிப்பையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். மிதியை அழுத்துகிற கால் எது என்றும் அதற்குத் தெரியும். கையெழுத்தைப் போலக் காலுக்கும் ஒரு தினுசு உண்டாம். எது கெட்டது, எப்போதிலிருந்து கெட்டது, யார் காலில் கெட்டது, வண்டி எங்கே நின்றது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

சட்டம் போட்டவர்கள் எஞ்சினை மட்டும்தான் நினைத்தார்கள். குடும்பத்தை நினைக்கவில்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் தினம் சாயங்காலம் மூன்றேமுக்காலுக்கு ஒரே ஜிலேபிக் கடை வாசலில் எட்டு நிமிடம் நின்றிருந்தார். அதற்கு ஒரு எஞ்சின் உலைக்குப் போனது. பேச்சு வார்த்தை இல்லாத அண்ணனுக்குத் தெரியாமல் அவன் வீட்டில் இருக்கிற அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தான் ஒரு தம்பி. அதற்கும் ஒரு எஞ்சின். இதுவரை ரங்கநாயகி அறுபத்தொரு நல்ல எஞ்சின்களை உலைக்கு அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு முறையும் படிவத்தில் 'பழுது பார்க்க இயலாத நிலை' என்று எழுதினாள். ஆய்வாளர் படித்த ஜாதகத்தை வெளியே சொல்லக்கூடாது என்று உறுதிமொழி எடுத்திருக்கிறாள். அதனால் சகாயத்திடம் மட்டும் பொதுவாக அலுத்துக்கொள்வாள். "என்ன பயம் சகாயம் இவங்களுக்கெல்லாம்? உண்மையச் சொன்னா தலையா போயிரும்?"

சகாயம் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "எனக்கு எஞ்சின் கழட்டத்தான் தெரியும் மேடம்."

அன்று அவள் முறைப்படி எல்லாம் செய்தாள். ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் காட்டினாள். ஜிகினாத் தூள் போட்ட மாதிரி மின்னியது. பேரிங்கின் உலோகம் தேய்ந்து கரைந்திருக்கிறது. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தாள். நான்கும் நன்றாக இருந்தன. பிளாக்கில் கீறல் இல்லை. நோய் ஒரு இடத்தில்தான். பிறகு கருவியின் வயரை எஞ்சினின் காதில் செருகி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

'கால் ஒன்று. ஒன்பது வருடம். நிதானமான கால். கியர் மாற்றும் இடங்களில் பிசகு இல்லை. கடந்த பதினான்கு மாதங்களாக மிதியில் நடுக்கம், விநாடிக்கு ஐந்து முறை. நடுக்கம் கூடிவருகிறது.'

ரங்கநாயகிக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிய கை நினைவுக்கு வந்தது. இதுதானா விஷயம். இந்த வரி போக்குவரத்து ஆபீசுக்குப் போனால் மருத்துவச் சான்று கேட்பார்கள். சான்று இல்லையென்றால் லைசென்ஸ் போய்விடும். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவரிடமிருந்து.

அடுத்த பத்தியைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

'கால் இரண்டு. பதினோரு மாதம். செவ்வாய், வியாழன் மட்டும். காலை பத்தேகால் முதல் பதினொன்றரை வரை. முதல் மாதத்தில் எஞ்சின் அணைந்தது இருநூற்றுப் பன்னிரண்டு முறை. தற்போது மிக மென்மையான, சீரான கால்.'

அந்தக் கால் யாருடையது என்று தெரிந்துகொள்ள அவள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். காட்டன் புடவை, கையில் ஒரு கட்டைப் பை. பட்டறைக்குள் நுழைவதற்கு முன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எஞ்சின் பாக்கற அம்மிணி நீங்கதானுங்களா?"

"ஆமாங்க்கா. சொல்லுங்க."

"நான் மயிலாத்தாளுங்க. காலைல வெள்ளைக் காரு கொண்டாந்தாரே, அவரோட சம்சாரம்." பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "அந்த எஞ்சினை எப்புடியாச்சும் மாத்திருங்க."

ரங்கநாயகி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மயிலாத்தாள் திகைத்துப் போய்ப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க. உக்காருங்க. எதுக்கு மாத்தணும்?"

"நான்தானுங்க கெடுத்துட்டேன். அவரு செவ்வாய், வியாழன் பஸ் ஸ்டாண்டுல பழைய டிரைவருங்களோட டீ குடிக்கப் போவாருங்க. அந்நேரத்துக்கு நான் வண்டிய எடுத்துப் பழகுனேன். டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மா ஒருத்தி வந்து சொல்லிக் குடுத்தா. ஒரு நாள் மேட்டுல நாலாம் கியர்லயே ஏத்திட்டேன். வண்டி அழுதுச்சுங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும், என்னமோ ஆகப்போகுதுன்னு."

"ஒரு நாள் ஏத்துனதுக்கெல்லாம் பேரிங் போகாதுங்க்கா. பழகுனதுல என்ன தப்பு? அவருகிட்டச் சொல்லிட்டே பழகியிருக்கலாமே."

மயிலாத்தாள் வாழைப்பழச் சீப்பை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"அவரு காலு ஆடுதுங்க அம்மிணி. டிவி பாக்கறப்ப வலது காலு தன்னால ஆடும். துண்டை எடுத்து மேல போட்டு மூடிக்குவாரு. நானும் பாக்காத மாதிரி அடுப்படிக்குப் போயிருவேன். ஒரு நாள் நடு ரோட்டுல அந்தக் காலு சொன்னபடி கேக்கலைன்னா? பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கறவ நான்தானுங்களே. எதுக்கும் ஒரு ஆளு தெரிஞ்சு வச்சிருக்கட்டும்னு பழகுனேன்."

"நல்ல காரியந்தானே."

"அவருக்கு அப்புடித் தெரியாதுங்க. முப்பத்தொரு வருசத்துல ஒரு ஆளு மேல ஒரு கீறல் விட்டதில்ல. நான் ஸ்டீயரிங்கைப் புடிச்சேன்னா, உங்க கதை முடிஞ்சுதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

நான்கு மணி பஸ்ஸில் அவள் திரும்பிப் போனாள். அவள் கணவரும் இதையே கேட்டுவிட்டுப் போனதை ரங்கநாயகி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஒரே வீட்டில் ஒரே நடுக்கத்தை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் துண்டு போட்டு, ஒருத்தி அடுப்படிக்குப் போய். அதற்காக நல்ல எஞ்சின் ஒன்று உருகப் போகிறது. அறுபத்திரண்டாவது.

மறுநாள் காலை ஆயில் சேம்பரைக் கழற்றினார்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தட்டு அது. அதற்குள் ஒரு சல்லடை உண்டு. ஆயில் அது வழியாகத்தான் மேலே ஏறிப் போய் பேரிங்குகளை நனைக்கும். சகாயம் சல்லடையைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

சல்லடையின் கண்களில் சிவப்பாக நூல் நூலாக ஏதோ சுருண்டு கிடந்தது. காய்ந்துபோன பசை. சேம்பரை ஒட்டும்போது விளிம்பில் தடவுகிற பசை. அளவாகத் தடவினால் ஒன்றும் ஆகாது. அதிகமாகப் பிதுக்கினால் உள்பக்கம் வழிந்து, காய்ந்து, உதிர்ந்து சல்லடையை அடைத்துக்கொள்ளும். ஆயில் மேலே ஏறாது. கடைசியில் இருக்கிற நாலாவது பேரிங்தான் முதலில் காயும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் சேம்பர் ஒழுகுகிறது என்று இதே வண்டி இங்கே வந்திருந்தது. எஞ்சினைப் பிரிக்காத சில்லறை வேலை, அதற்கு ஜாதகம் தேவையில்லை. ஒட்டியது ரங்கநாயகி. அன்று ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரம். கூடவே ஒரு கவனம் வேறு: திரும்பவும் ஒழுகிப் பெயர் கெட்டுவிடக் கூடாது, இரண்டு சுற்றாகவே தடவிவிடுவோம்.

அவள் போய்த் திரையைத் திறந்து, முந்தின நாள் மேலோட்டமாகத் தள்ளிவிட்ட பக்கத்தைப் பார்த்தாள். ஆயில் அழுத்தத்தின் கோடு ஒன்பது வருடத்தில் எட்டேகால் வருடம் நேராக வந்தது. சேம்பர் ஒட்டிய தேதியிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. கீழே ஜாதகம் எழுதியிருந்தது: 'சேதத்தின் மூலம் ஓட்டிய கால்கள் அல்ல. சேம்பர் பணி. பணி செய்தவர்: ரங்கநாயகி, ஆய்வாளர்.'

தன் வேலையால் எஞ்சினைக் கெடுத்த ஆய்வாளருக்கு நாலு மாதம் பேட்ஜ் கிடையாது. வாசலில் இருக்கிற ஆய்வாளர் போர்டைக் கழற்றிவிட வேண்டும். செய்தி ஆய்வாளர் வாரியத்தின் பலகையில் வரும், மாவட்டமே படிக்கும்.

திரும்பிப் பார்த்தாள். சகாயம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க சகாயம்?"

"கண்ணு மங்கலா இருக்குது மேடம். அந்தச் சல்லடைல என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியல." கொஞ்சம் தயங்கினார். "அவங்களே மாத்தச் சொல்றாங்க. ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க. நீங்களா கேட்டீங்க?"

அது உண்மைதான். யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதைக் கொடுத்தால் போதும். அவள் மேசைக்குப் போய் 'மாற்று' படிவத்தை எடுத்தாள். வண்டி எண் எழுதினாள். எஞ்சின் எண் எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்தாள். பழுது பார்க்க இயலாத நிலை. அறுபத்தொரு முறை எழுதிய நான்கு வார்த்தைகள். எழுதும்போதெல்லாம் அது வாடிக்கையாளர்களின் பொய் என்றுதான் நினைத்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் தன்னுடையது.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். ராடுகள் சுழற்றுகிற கிராங்க் தண்டை இறக்கச் சொல்லி, நாலாவது பேரிங் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தாள். நகம் எங்கேயும் தட்டவில்லை. அளவுகோலை வைத்தாள். ஒரு முடி அளவுகூடத் தேயவில்லை. லேசாக மெருகேற்றிப் புதுப் பேரிங் போட்டால் இந்த எஞ்சின் இன்னும் பத்து வருடம் ஓடும். புது எஞ்சின் போட்டால்? அதுவும் ஓடும். நாளைக்கு அர்த்தநாரி மறுபடியும் ஸ்டீயரிங் முன்னால் உட்காருவார், அந்தக் காலோடு. மயிலாத்தாள் செவ்வாயும் வியாழனும் திருட்டுத்தனமாக எடுப்பாள். கால் சொன்னபடி கேட்காத நாளில் குறுக்கே போகிறவர் யாரோ. புது எஞ்சின் எதையும் சரி பண்ணாது.

"என்ன பயம்னு கேட்டேனே சகாயம், இந்தப் பயந்தான்," என்றாள். "கண்ணாடியப் போட்டுக்குங்க."

இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டாள். பதினொரு மணிக்கு வரச் சொன்னாள். ஆட்டோவில் வந்து இறங்கிய அர்த்தநாரி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ எங்க இங்க?"

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான்," என்றாள் மயிலாத்தாள். அது எவ்வளவு சரியான பதில் என்று அவளுக்கே தெரியாது.

ரங்கநாயகி சல்லடையை மேசை மேல் வைத்தாள். "உக்காருங்ணா. மொதல்ல நான் பேசிக்கறேன். இந்தச் சிவப்புப் பசை நான் தடவுனது. அளவுக்கு மேல தடவிட்டேன். அதுதான் உதிர்ந்து அடைச்சு பேரிங்கைக் கெடுத்திருக்குது. உங்க வண்டியக் கெடுத்தது நான். வேற யாரும் இல்ல."

மயிலாத்தாள் நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப நான்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீ என்ன?" என்றார் அர்த்தநாரி.

"ஒண்ணுமில்ல."

"ஜாதகத்துல என் பேரு இருக்குது," ரங்கநாயகி தொடர்ந்தாள். "அச்செடுத்தா என் பேட்ஜ் நாலு மாசம் போயிரும். மாத்துனா என் பேரும் உருகிரும். நேத்து நீங்க மாத்தச் சொன்னீங்க. இன்னைக்குக் காலைல எனக்கும் மாத்தணும்னு ஆசை வந்துருச்சு. ஆனா எஞ்சின் நல்லா இருக்குது. அதை உலையில போடறதுக்குக் காரணம்னு எழுத என் கைக்கு வரல. நான் ரிப்பேர்னுதான் சிபாரிசு பண்றேன். முடிவு உங்களோடது. மாத்தறதுன்னா என் தப்பை வாரியத்துக்கு நானே எழுதிப் போட்டுட்டு, வேற ஆய்வாளர் கையெழுத்துல மாத்திக் குடுக்கறேன்."

அர்த்தநாரி சல்லடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏச்சு விழும் என்று ரங்கநாயகி காத்திருந்தாள்.

"அம்மிணி, இதை எங்ககிட்டச் சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்ணா."

அவர் சல்லடையை வைத்தார். மனைவியைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்துச் சொன்னார்: "ரிப்பேரே பண்ணுங்க. ஜாதகத்தைக் குடுங்க. நானே படிக்கறேன்."

"ஏனுங்க, வேண்டாமுங்க," என்று மயிலாத்தாள் எழுந்தேவிட்டாள்.

"எனக்குத்தான் வேண்டாம்னு இருக்கணும். உனக்கென்ன?"

அச்சு இயந்திரம் இரண்டு தாள்களைத் தள்ளியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கால் ஒன்று, ஒன்பது வருடம், நிதானமான கால். அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்த வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. பதினான்கு மாதம், விநாடிக்கு ஐந்து முறை, கூடிவருகிறது. படித்துவிட்டுத் தாளைத் தாழ்த்தினார்.

"கோயமுத்தூருல டாக்டர்கிட்டக் காட்டுனேன். மாத்திரை குடுத்திருக்காரு. உன்கிட்டச் சொல்லல."

"தெரியுமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

"எப்ப இருந்து?"

"நீங்க துண்டு போட்டு மூட ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

அர்த்தநாரியின் வலது கால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த முறை அதை அவர் பிடித்துக்கொள்ளவில்லை. தாளை மறுபடி தூக்கினார். "கால் இரண்டு," என்று படித்தார். "கால் இரண்டா? ஆரு அது? செவ்வாய், வியாழன்... இருநூத்திப் பன்னெண்டு தடவை..." தாளுக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். மயிலாத்தாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அடிப்பாவி! டீசல் எங்கயோ ஒழுகுதுன்னு மூணு தடவை டேங்க்கைக் கழட்டிப் பாத்தேனே!"

சகாயம் ஸ்பேனர் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"லைசென்ஸ்?" என்றார் அர்த்தநாரி, ஒரு பஸ் டிரைவரின் குரலில்.

"எடுத்துட்டேனுங்க. ரவை டப்பாவுக்குள்ள இருக்குது. உங்களுக்குத்தான் உப்புமா ஆகாதே, அந்த டப்பாவைத் தொடமாட்டீங்கன்னு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பினால் வந்த கண்ணீர்தானா என்று ரங்கநாயகி கவனிக்கப் போகவில்லை. பேனாவைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, முதல் கையெழுத்தைத் தானே போட்டாள்.

வேலை ஒன்பது நாள் பிடித்தது. சகாயமும் அவளும் கிராங்க்கை மெருகேற்றி, நான்கு பேரிங்கும் புதிதாகப் போட்டார்கள். சேம்பரை ஒட்டும்போது சகாயம் பசைக் குழாயைத் தானே வாங்கிக்கொண்டார். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க மேடம்," என்றார். உடுமலையிலிருந்து வேறொரு ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டுப் போனார். அர்த்தநாரி தன் லைசென்ஸைத் தானே கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். பட்டறை வாசலில் இருந்த போர்டு இறங்கியது. ரங்கநாயகி எதிர்பார்த்த அளவுக்கு அவமானமாக இல்லை. வாரியத்தின் பலகையில் செய்தி வந்த அன்றே உடன்குடியைச் சேர்ந்த கருப்பட்டி வியாபாரி ஒருவர் தேடி வந்து, "நாலு மாசம் கழிச்சு வரேன், நீங்களே பாருங்க, ரிப்பேருதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

புதுப் பேரிங்குக்கு முதல் ஆயிரம் கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும். அதிராத கால் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாத்தாள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் அர்த்தநாரி. பின்சீட்டில் ரங்கநாயகி. பேட்ஜ் இல்லாத ஆய்வாளருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சும்மா வாங்க என்று இருவரும் கூப்பிட்டார்கள், அவளும் சும்மா வந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு வண்டியில் எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். எஞ்சின் பால் குடித்த குழந்தை மாதிரி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அர்த்தநாரி மட்டும் சும்மா வரவில்லை. "கிளச்சு... கிளச்சு... இப்ப விடு... அவசரப்படாத... அந்த ஸ்கூட்டர்காரன் திரும்புவான் பாரு..." என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். மயிலாத்தாள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள்.

ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் ஒரு தேங்காய் லாரி நின்றது. மயிலாத்தாளும் நிறுத்தினாள். லாரி நகர்ந்ததும் எடுத்தாள். எஞ்சின் அணைந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அணைந்தது. பின்னால் மின்பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இரண்டு கார்களும் சேர்ந்துகொண்டன.

"நீங்க கீழ எறங்கி அவங்களைச் சும்மா இருக்கச் சொல்லுங்க," என்றாள் மயிலாத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அர்த்தநாரி இறங்கினார். ரங்கநாயகி பின் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். அவர் முழங்காலில் கை வைத்தபடி பஸ்ஸை நோக்கி நடந்து, கையை உயர்த்தி அதட்டினார். பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணா! நீங்களா? என்னங்ணா ஆச்சு? நீங்க ஓட்டற வண்டி மேட்டுல நிக்குமா?"

அர்த்தநாரி காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாலம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "நான் ஓட்டறதில்ல தம்பி. என் சம்சாரம் ஓட்டறாங்க. இன்னொரு தடவை ஹாரன் அடிச்சீன்னா தெரியும் சேதி!"

அந்தக் குரல் முன்சீட்டுக்கும் எட்டியது. மயிலாத்தாள் ஒரு மூச்சு விட்டாள். கிளச்சை மெதுவாக விட்டாள். கார் கடைந்த தயிர் வழிவது போலக் குலுக்கமில்லாமல் எழும்பி, ஏற்றத்தில் ஏறி, பாலத்தின் உச்சியைத் தாண்டிப் போயே போய்விட்டது.

"அக்கா, அவரு!" என்று கத்தினாள் ரங்கநாயகி.

"இப்ப நிறுத்துனா மறுபடி அணைஞ்சுருமுங்க. பாருங்க, ஓடி வர்றாருங்களா?"

ரங்கநாயகி பார்த்தாள். அவர் ஓடவில்லை. பஸ்ஸின் முன்கதவு திறந்து, டிரைவர் கை கொடுக்க, ஏறிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பஸ் பாலத்தின் மேல் தோன்றியது. முன் கண்ணாடிக்குப் பின்னால், டிரைவருக்குப் பக்கத்தில், அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். காரைச் சுட்டிக் காட்டி டிரைவரிடம் ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அல்லது கிளச்சைப் பற்றியும் இருக்கலாம்.

"ஏறிட்டாருங்க்கா. பஸ்ஸுல."

"ஏறிட்டாருங்களா? அப்பச் சரி," என்றாள் மயிலாத்தாள். மூன்றாம் கியருக்கு மாற்றி, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் வரட்டும். அதுவரைக்கும் நான் கொஞ்சம் நிம்மதியா ஓட்டறேன்."